வேங்கை நிலை

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டை எடுக்கிறேன். ஒரு டம்ளர் காப்பி போடுகிறேன். வாசல் தெளிக்கிறேன். கதவு நிலையின் அடியில் தண்ணீர் பட்டு மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் வடிகிறது. துணியால் துடைக்கிறேன். ஏழு பத்துக்குச் சேதராப்பட்டு கம்பெனி பஸ்.

நேற்று பஸ்ஸை விட்டுவிட்டேன். துடைத்துக்கொண்டிருந்தபோதே மாமியார் செல்வாம்பாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ரம்பத்தோடு கமருஸ்ஸமான் பாய். இந்த நிலையைச் செய்தவரே அவர்தான்.

"மாப்ள, ரத்தம் கக்குற இந்த நிலைய வச்சிக்கினு எப்பிடித் தூங்குறீங்க? எம் பொண்ணக் காவு வாங்கிடுச்சி. இன்னிக்கி அறுத்து எடுத்துடணும்."

என் மனைவி கவிநிலா டெங்குவில் இறந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு கட்டும்போது நிலைக்கு எல்லோரும் தேக்கு என்றார்கள். அவள் ஒருத்திதான் வேங்கை என்றாள். உப்பளத்துக் கடல்காற்றில் உளுத்துப்போகாது, கரையான் தொடாது என்று படித்துவிட்டு வந்து பிடிவாதமாக நின்றாள்.

"ரத்தமில்லமா, சாயம்," என்றார் பாய். "வேங்கைய அறுத்தா என் கைலியே காவியாயிடும். சாமியார் பாய்னு கடத்தெருவுல ஓட்டுவானுங்க."

"அப்ப எதுக்கு ரம்பத்தத் தூக்கினு வந்தீங்க?"

"நீங்க கூப்டீங்க, வந்தேன். ஆனா இது ஆணியே எறங்காத மரம். அறுத்தா செவுருதான் பேரும்."

நான் நிலையில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"அறுக்க விடமாட்டேன் அத்தை."

"யாருக்காக மாப்ள இந்த வீம்பு?"

"காலையில எதுல தண்ணி குடிச்சீங்க?"

நிலை செய்து மிஞ்சிய துண்டில் பாய் ஒரு குவளை கடைந்து கொடுத்திருந்தார். சுகருக்கு நல்லதென்று அத்தை தினமும் அதில்தான் குடிக்கிறார். இரவு ஊற்றிய தண்ணீர் விடிவதற்குள் சிவந்திருக்கும்.

"அது மருந்து. இது வாசல்."

"ரெண்டும் ஒரே மரம். அதத் தூக்கிப் போட்டுட்டு வாங்க, பேசலாம்."

பாய் ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார்.

அத்தை விடவில்லை. "கடைசியா அவளே சொன்னா மாப்ள. 'அம்மா, நிலைய மாத்தச் சொல்லு'ன்னு."

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள அவளுக்கு நெனவு போயிடுச்சி. பக்கத்துல இருந்தது நான் மட்டுந்தான். உங்க பயத்த அவ வாயில போடாதீங்க."

அவர் படியில் உட்கார்ந்தார். "அப்ப என்னதான் சொன்னா?" என்றார்.

சொன்னேன்.

"ஃபேன கொஞ்சம் கொறைடா. குளுருது."