சுட்டியின் கழுத்துக் கயிறு

1

இந்தக் கதை என் மகள் விதுர்ஷாவின் கோபத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, அப்பா போன கதைய நீங்க ஒவ்வொரு தரமும் வேற மாதிரிச் சொல்றீங்க. ஒருக்கா எழுதி வைங்க. மறுகா மாத்தேலாது" என்று, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கொப்பியொன்றைக் கொண்டுவந்து தந்தாள். எழுதினால் மாறாது என்று நம்புகிறவள் அவள். நானும் நம்பித்தான் தொடங்கினேன். பதினேழு பக்கம் ஆகிவிட்டது. இப்போது முந்தியைவிட அதிகமாக மாறுகிறது.

எங்கள் வீட்டு வளவு வவுணதீவுப் பக்கம். பதினொரு மாடு வைத்திருந்தோம், நானும் என் கணவர் வினாயகமூர்த்தியும். என் பெயர் கண்ணகை. கதையில் வருகிறவளுக்கும் அதே பெயர்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். அவளால் பால் கேனைத் தூக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது."

(எல்லாக் கதைகளிலும் இப்படித்தான் பெய்கிறது என்று வெட்டிவிட்டேன். ஆனால் மூன்று நாள்தான் பெய்தது. என்ன செய்வது?)

இரண்டாம் தொடக்கம்: "பால் கறந்து முடித்ததும் கண்ணகை கன்றை அவிழ்த்துவிட்டு"

இந்த வசனத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் அவிழ்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் கொப்பியே தேவைப்பட்டிராது.

மாடு வளர்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடியற்காலையில் கன்றை முதலில் ஊட்ட விடுவோம். தாய்க்குப் பால் இறங்கியதும் கன்றை இழுத்துப் பக்கத்துக் கட்டையில் கட்டிவிட்டுக் கறப்போம். கறந்து முடிந்ததும், மடியில் விட்ட மிச்சத்தைக் குடிக்க அவிழ்த்துவிடுவோம். கறப்பது அவர். கட்டுவதும் அவிழ்ப்பதும் நான். எனக்குச் சுகமில்லாத நாட்களில் மட்டும் அவரே அவிழ்ப்பார்.

நான் அவிழ்த்தால் கழுத்தில் அவிழ்ப்பேன். கயிறு கட்டையிலேயே கிடக்கும். அவர் கட்டையில் அவிழ்ப்பார். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். பத்தொன்பது வருடம் இதற்குச் சண்டை பிடித்தோம்.

"கயித்த ஏன் சாணிக்குள்ள இழுக்க விர்றீங்க?"

"கண்டுக்கு மாலை போட்ட மாதிரி வடிவா இரிக்கி. கிடக்கட்டும்."

"கழுவுறது நான்தானே?"

"அப்ப மாலை உனக்குத்தான்."

இந்தச் சண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

3

அது கார்த்திகை மாதம். கறந்து முடியும்போதே பட்டிக்குள் கணுக்காலளவு தண்ணீர். அவர் மாடுகளைக் கலைத்துக்கொண்டு பட்டியின் கடப்பு வாசலால் வெளியே போனார். நான் கேனின் மூடியை இறுக்கினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது: மூடியின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தது, எடுத்து நேராக்கிப் போட்டேன். கேனைத் தலையில் வைத்தேன். றோட்டுக்கு நடந்தேன்.

மூடிக்கும் தலைக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. அதற்குள்தான் சுட்டி இருக்கிறாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பிறந்த இரண்டு மாதக் கன்று.

றோட்டில் ஸாஹிர் நின்றார். ஏறாவூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து பால் ஏற்றுகிறவர். மாடுகள் மேட்டில் ஒதுங்கி நின்றன. சுட்டியின் தாய் மட்டும் வந்த வழியைப் பார்த்துக் கத்தியது.

"கண்டு எங்ககா? அவுத்தியா?" என்றார் மாடுகளோடு நின்ற என் கணவர்.

"ஓம்" என்றேன். பிறகு, "அவுத்தன்… அவுத்தனா…"

"கேனுக்கு மூடி போட மறக்கல்ல, பாத்தியா?" சிரித்தார்.

"அண்ணன், போகாதீங்க. தண்ணி ஏறுது. கண்டு நீந்தும்" என்றார் ஸாஹிர்.

"பால் ஏத்துறவனுக்குக் கண்டுட நீச்சல் தெரியுமா? நீ கேனை ஏத்துடா."

சாரத்தை மடித்துக் கட்டினார்.

"பாத்திட்டு வாறன்."

தண்ணீர் அப்போது முழங்காலுக்குத்தான் இருந்தது. நான் தடுக்கவில்லை. மேலே வாய்க்கால் கட்டு உடைந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டது, வயல்வெளி முழுவதும் ஒரே தடவையில் அசைந்ததை மட்டும்தான்.

(அவிழ்த்திருந்தால் கன்று தாயோடு வந்திருக்குமே என்பீர்கள். சுட்டியை உங்களுக்குத் தெரியாது. எல்லா மாடும் கடப்புக்குப் போனால் அவள் வாழைக்குப் போவாள்.)

4

இந்த எண்ணில், இரண்டு நாள் கழித்து வாவிக் கரையில் அவரைக் கண்டெடுத்ததை எழுத வேண்டும். எழுத மாட்டேன். எண் மட்டும் இருக்கட்டும்.

5

மூன்றாம் நாள் சுட்டி உயிரோடு வந்தாள். குளக்கட்டில் நின்றவளை ஸாஹிர் கண்டு, இரண்டு வெறும் கேன்களுக்கு நடுவில் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். அன்று வீடு நிறையச் சனம். கன்றின் கழுத்தை நான் பார்க்கவில்லை. பட்டியில் கட்டையும் இல்லை, கயிறும் இல்லை. தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கன்றுதான் ஸாஹிரிடம் கேட்டேன்.

"கண்டுட கழுத்தில கயிறு கிடந்ததா தம்பி?"

"இல்லக்கா. வெறுங் கழுத்து. நீங்க முதலே அவுத்திருக்கீங்க. உங்கள்ள ஒரு பிழையும் இல்ல."

ஆறுதலுக்குச் சொன்னார். நான் குசினிக்குள் போய் அழுதேன். என்னில் பிழை இல்லையென்றால், அவிழ்த்த கன்றை அவிழ்க்கத்தானே அவர் போனார். ஒன்றுக்கும் இல்லாமல் போனார்.

என் கண்ணை ஸாஹிர் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வருடத் திவசத்துக்கு வாழைக்குலையோடு வந்தவர், தானாகவே தொடங்கினார்.

"அக்கா, நல்லா யோசிச்சுப் பாத்தன். கயிறு கிடந்தது. நீளக் கயிறு, இழுபட்டு. அண்ணன்தான் அவுத்திருக்காரு. கண்டைக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காரு."

"அப்ப நான் அவுக்கல்ல."

அவர் வாழைக்குலையைச் சுவரோடு சாய்த்து வைத்தார்.

"எது மெய், தம்பி?"

"உங்களுக்கு எது வேணும், அக்கா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அது எனக்கு விளங்கியது.*

* இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப கதையில நான் பொய்க்காரனா?" என்று கேட்டார். "தெரியல்ல தம்பி" என்றேன். "சரி, மோட்டார் சைக்கிளையாவது புதுசு எண்டு எழுதுங்க" என்றார். அது பழசுதான்.

6

இப்போது இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவு: கண்ணகை அவிழ்த்துவிட்டாள். அவள் கவனமானவள். அவர் வீணாகப் போனார்.

மற்ற முடிவு: கண்ணகை மறந்துவிட்டாள். பாலை நினைத்தவள் கன்றை நினைக்கவில்லை. அவர் போய்க் கட்டையில் அவிழ்த்தார், தன் வழக்கப்படி. அவர் போனதற்கு ஒரு கன்று மிஞ்சியது.

ஒரு வாரம் முதலாவதைத் தேர்ந்தேன். மறுவாரம் மாற்றினேன். ஒன்றில் நான் பிழைக்கிறேன், மற்றதில் அவர் பிழைக்கிறார். இரண்டு பேரும் பிழைக்கிற முடிவை எழுதிப் பார்த்தேன்: அதில் நான் அவிழ்க்கிறேன், கன்று தாயோடு வருகிறது, அவர் கேட்கவே இல்லை, ஸாஹிர் பிளேன்ரீ குடிக்கிறார். ஆனால் அது அந்த நாள் இல்லை. வேறு எந்த நாளும் அதுதான்.

என் விரலைக் கேட்டால் அது "ஓம், அவிழ்த்தேன்" என்கிறது. ஈரக் கயிறு, தாடைக்குக் கீழே கன்றின் சூடு, என் மணிக்கட்டை அவள் நக்கியது எல்லாம் தெரிகிறது. ஆனால் முதல் நாளும் மழைதான். அதற்கு முதல் நாளும் மழைதான். பத்தொன்பது வருடம் ஒரே வேலையைச் செய்த கையிடம் ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் அது எதைச் சொல்லும்?

ஒருமுறை, கதையில் வரும் கண்ணகையை நம்பாத வாசகியாக இருந்து வாசித்தேன். அப்போது கயிறு கண்ணில் படவில்லை. "ஓம்" என்றவள் அந்த "ஓம்"மோடு நிற்காமல் ஏன் "அவுத்தனா" என்று இழுத்தாள்? அந்த ஒரு சொல்லுக்குத்தானே அவர் இறங்கினார். உண்மை தெரியாத பெண் ஏன் பொய்யாவது

(இதை முடிக்கவில்லை.)

7

சுட்டி போன கிழமை கன்று ஈன்றாள். நெற்றியில் பொட்டில்லாத ஆண் கன்று, நாம்பன்.

இந்த மூன்று வருடமும் நான் எந்தக் கன்றையும் கட்டியதில்லை. விதுர்ஷா பிடித்துக்கொள்வாள், நான் கறப்பேன். அவள் இல்லாத நாட்களில் கன்று குடித்தது போக மிச்சம்தான் கேனுக்கு. ஸாஹிர் கேனைக் குலுக்கிப் பார்த்து, "அக்கா, இதில பாலா காத்தா?" என்பார். இப்போது விதுர்ஷாவுக்குச் செட்டிபாளையத்துக்கு இடமாற்றம். விடிய முந்தி, வெள்ளாப்பிலேயே பஸ்ஸுக்குப் போய்விடுகிறாள். பிடிக்க ஆளில்லை. ஈன்ற புதிதில் வரும் கடும்புப் பாலும் தீர்ந்துவிட்டது. இனிக் கறக்க வேண்டும்.

இன்று காலை புதுக் கயிறு எடுத்தேன். கட்டினேன். கறந்தேன். மூடியை இறுக்கினேன். பிறகு, இதை எழுதிவிட வேண்டும் என்று குசினிக்கு வந்து உட்கார்ந்தேன்.

கன்றை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். விரலில் ஈரம் இருக்கிறது. கை கழுவிய ஈரமாகவும் இருக்கலாம்.

இங்கிருந்து பட்டி தெரியாது. வெளியில் நல்ல வெயில். தண்ணீர் எங்கேயும் இல்லை. போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: கட்டையில் வெறும் கயிறு கிடக்கிறதா, கன்று நிற்கிறதா என்று. றோட்டில் ஸாஹிரின் ஹோர்ன் கேட்கிறது. சுட்டியும் ஒருதரம் கத்தியது போலிருந்தது.

நீங்கள் கொப்பியை இப்படியே திறந்து வைத்துக்கொண்டு இருங்கள். கேள்வியொன்றும் வேண்டாம். நான்

பாத்திட்டு வாறன்.