ஒன்பதாம் பாடம்

ஒன்பதாம் பாடத்தின் பெயர் இருந்த கட்டத்தைப் பிடித்து, பட்டியலின் அடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள் அவள். அன்றைக்கு இது நான்காவது தடவை. காலையில் கீழே இருந்தது. பத்து மணிக்கு, அதை மேலே வைக்கச் சொன்னார் அவளுடைய அதிகாரி. சாப்பாட்டுக்கு முன்னால் நடுவில். இப்போது போனில், கீழேயே இருக்கட்டும், ஆனால் பூட்டை மட்டும் எடுத்துவிடாதே என்றார். 'இறுதி நேரம்' என்ற தலைப்பு முதலிலேயே கண்ணில் பட்டால் யாரும் உள்ளே வரவே மாட்டார்களாம். எட்டுப் பாடங்களையும் ஒழுங்காக முடித்தவருக்கு மட்டும்தான் அது திறக்க வேண்டுமாம்.

"சரி சார்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி சொல்வதில் அவளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம்.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு தாதியர் நிறுவனம் செய்யச் சொன்ன இணையவழிப் படிப்பு அது. பாடங்களை எழுதியது வேறு யாரோ. எதைத் தொட்டால் எங்கே போகலாம், எப்படித் திரும்பி வரலாம், எந்தப் பாடம் எப்போது திறக்கும் என்று மெனு அமைப்பதுதான் இவள் வேலை. இவள் கணினியில் பாடங்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. உள்ளே எழுத்து வரவேண்டிய இடங்களில் இடத்தை நிரப்ப ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டி வைத்திருந்தாள்.

அத்தை, கணவனின் அம்மா, பக்கத்து அறையில் இருந்தாள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து போன் வந்தால் இவள் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். அத்தை முப்பத்தொரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று எந்த அலுவலகத்திலாவது பதிவுக் குரல் ஆரம்பித்தால் அதையே மிரட்டுவாள். "முதல்ல நீ யாரு பேசறது, அதைச் சொல்லு." மருமகளின் வேலை என்னவென்று தெரிந்த அன்றைக்கு, "ஓ, அந்த ஆள் நீதானா?" என்றாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர்களுக்குள் பேச்சு அளவோடுதான் இருந்தது.

மூன்று மணிக்கு மாத்திரையோடு போனபோது அத்தையின் மூச்சு மாறியிருந்தது. நாலைந்து தடவை வேகவேகமாக வந்தது. பிறகு நின்றுபோனது. இவள் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். பதினாறு எண்ணியதும் பெரிய மூச்சு ஒன்று வந்தது.

காலையில் வந்துபோகும் நர்ஸை அழைத்தாள். வேறு அழைப்பில் இருந்தாள். கணவனை அழைத்தாள். உடனே கிளம்புகிறேன், வந்துசேர ஒரு மணி நேரமாகும் என்றான். ஆஸ்பத்திரி எண்ணில், நேரம் குறிக்க ஒன்று, பரிசோதனை முடிவுக்கு இரண்டு என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. எட்டு வரை கேட்டாள். இவளுக்கு வேண்டியது அதில் இல்லை. மறுபடி கேட்க ஒன்பது என்றது.

அப்போதுதான் ஒன்பதாம் பாடம் ஞாபகம் வந்தது.

மடிக்கணினியைத் தூக்கிவந்து கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். முழுப் பாடங்களும் அந்த நிறுவனத்தின் தளத்தில்தான் இருந்தன. சோதித்துப் பார்க்க அவளுக்கு அவர்கள் கொடுத்திருந்தது ஒரு மாணவர் கணக்கு. இவள் பூட்டை எடுத்து அனுப்பினாலும் அவர்கள் அதைத் தளத்தில் ஏற்ற ஒரு நாளாகும். உள்ளே போய் ஒன்பதைத் தொட்டாள். முந்தைய பாடங்களை முடிக்கவும் என்று வந்தது. அந்த வாசகமும் அவள் எழுதியதுதான்.

முதல் பாடம், கை கழுவுதல். ஏழு நிமிட வீடியோ. வேகமாக ஓட்டிவிட முடியாது, அப்படி ஓட்டும் வசதியை இரண்டு வாரத்துக்கு முன் அவள்தான் எடுத்தாள், அதிகாரி கேட்டதற்காக. திரையில் யாரோ ஒருத்தி விரலிடுக்குகளில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அத்தையின் மூச்சு நின்று, மறுபடி வந்தது. வீடியோ முடிந்ததும் கேள்வி. குறைந்தது எத்தனை விநாடி கழுவ வேண்டும்? பத்து என்று தொட்டாள். தவறு, மீண்டும் முயலவும் என்று சொல்லி வீடியோ முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

"ஐயோ, தொலைஞ்சு போ" என்று பொத்தானைப் போட்டுக் குத்தினாள்.

"என்னம்மா அது, சும்மா டொக் டொக்னு?" அத்தை கண்ணைத் திறக்காமல் கேட்டாள். காற்றுதான் அதிகம், குரல் கொஞ்சம்.

"பாடம் அத்தை. உங்களுக்கு என்ன செய்யணும்னு இதுல இருக்கு. திறக்க மாட்டேங்குது."

"யாரு பூட்டினது?"

"நான்தான்."

அத்தையின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா வலியா என்று இவளுக்குத் தெரியவில்லை.

"மூடி வை" என்றாள் அத்தை. ஒரு மூச்சு விட்டு, "லைன்ல இரு" என்றாள்.

தூரத்து ஊருக்குப் பேசக் காத்திருப்பவர்களிடம் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வாளாம். இணைப்புக் கிடைக்க நேரமாகும், அதற்குள் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்று அர்த்தம்.

இவள் கணினியை மூடித் தரையில் வைத்தாள். அத்தையின் கை மேல் கை வைத்தாள். லைனில் இருப்பதென்றால் ஏதாவது பேச வேண்டும். கல்யாணமான எட்டு வருஷத்தில் பேசாத எதையோ இப்போது பேசலாம் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. வந்தது அதிகாரிதான். அந்த மனுஷன் காலையிலிருந்து ஒரே பாடத்தை மேலே கீழே என்று அலைக்கழித்ததைச் சொன்னாள். போன மாதம் பொத்தான்கள் பச்சையாக இருக்கட்டும் என்றதை, பச்சை செய்ததும் நீலம் கேட்டதை, நீலம் செய்ததும் பச்சையே நன்றாகத்தான் இருந்தது என்றதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எரிச்சல் ஏறியது. "நான் என்ன மனுஷியா, பம்பரமா அத்தை?" என்று கேட்டாள்.

மூச்சுச் சத்தம் வரவில்லை என்று பேச்சை நிறுத்தினாள். எண்ணினாள். அறுபதுக்கு மேல் எண்ணவில்லை.

கணவன் வந்தபோது மணி நாலேகால். வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனான்.

நாத்தனார் மறுநாள் வந்தாள். அழுது முடித்து, எல்லாரும் போன பிறகு, சமையலறையில் இவளைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்றாள். தண்ணீராவது கொடுத்தாயா என்றாள். இவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"பக்கத்துலதானே இருந்தே. அப்ப என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"பேசிட்டிருந்தேன் அண்ணி."

"என்ன பேசினே?"

"ஆபீஸ் விஷயம்."

நாத்தனார் துண்டை எடுத்து, கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆறாம் நாள் இவள் வேலைக்கு உட்கார்ந்தாள். மாணவர் கணக்கில் நுழைந்து, கை கழுவினாள், படுக்கை விரித்தாள், மாத்திரைகளுக்கு நேரம் போட்டாள். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி ஒன்பதாம் பாடத்துக்கு வந்துசேர இரண்டரை மணி நேரம் ஆனது. உள்ளே நான்கே நான்கு திரைகள்தான் இருந்தன. மூச்சு விட்டுவிட்டு வரும், அது இயல்பு. தண்ணீரைக் கட்டாயப்படுத்திப் புகட்ட வேண்டாம். பக்கத்தில் இருங்கள். அவர்களுக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம், ஏதாவது பேசுங்கள்.

படிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒன்பதாம் பாடத்தை முதல் பக்கத்தின் உச்சிக்கு இழுத்தாள். பூட்டை எடுத்தாள். யாரிடமும் கேட்காமல் அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை அதிகாரி அழைத்தார். முதலில் துக்கம் விசாரித்தார். தன் அம்மா போனதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு செருமிக்கொண்டு, அந்தப் பூட்டு தவறுதலாகப் போய்விட்டதா என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். கேட்கவில்லை என்றார். அது திறந்துதான் இருக்கும் என்று மறுபடி சொன்னாள்.

"ஒண்ணுமே காதுல விழல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன். ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே கட்டில்கூட இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் முந்தாநாளே வந்து எடுத்துப்போய்விட்டார்கள். போன் அடித்ததும் அவள்தான் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்திருக்க வேண்டும்.