எதிர்க்கரையில் தேடுகிறவர்கள்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. எழுதச் சொன்னவள் என் அக்கா. அவள் வீட்டுச் சமையலறையில், கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீதான் கதை எழுதறியே. அவர்கிட்ட இதை நேரா சொல்ல எனக்கு வாய் வரலடா. ஒரு கதையா எழுதிக் குடு. படிச்சுப் புரிஞ்சுக்கட்டும்."

எழுதுகிறவர்களுக்கு விருது கிடைக்கும் என்பார்கள். எனக்குக் கிடைத்தது தூது போகிற வேலை. போகட்டும், அக்கா கேட்டு மறுத்துப் பழக்கமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வறண்ட ஆற்றின் மேல் சூரியன் ரத்தம் கக்கியபடி..." [அடித்துவிட்டேன். சூரியன் அன்று தன்பாட்டுக்குச் சும்மாதான் இருந்தது.]

அடுத்து: "டயர் கடை வைத்திருக்கும் என் அத்தானுக்கு முதுகு..." [அத்தானுக்கு முதுகைப் பற்றிப் பேசினால் பிடிக்காது. முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவார்.]

ஆகவே டப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

2

மூடி இறுக்கமான, மழைத் தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை யாரோ ஓரிடத்தில் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒரு இணையதளத்தில் போடுவார்கள். மற்றவர்கள் செல்போனில் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, ஒரு பொருளை எடுத்து வேறொன்றை வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டுப் போக வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். வளர்ந்தவர்கள் ஆடும் கண்ணாமூச்சி என்றும் சொல்லலாம், அத்தான் காதில் விழாமல்.

அத்தானுக்குச் சுலபமான இடங்கள் ஆகாது. அவரிடம் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. மெதுவாகப் போகும், சேற்றைக் கண்டால் உற்சாகமாகிவிடும், அதனால் பெயர் எருமை. பாதை முடிகிற இடத்தில்தான் அவருக்குப் பயணமே தொடங்கும். அவர் ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஒளித்த முதல் டப்பா, வறண்ட ஆற்றின் இந்தப் பக்கக் கரையில் ஒரு பாறைக்கு அடியில் இருக்கிறது. உள்ளே வைக்க அப்போது எதுவும் கையில் இல்லாததால் அக்கா தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிப் போட்டாள்.

(இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு, கதைக்கு அது முக்கியம். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று யாராவது தளத்தில் எழுதினால், ஒளித்தவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகவில்லையென்றால் டப்பாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.)

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அத்தானின் முதுகைப் படம் எடுத்ததும் அவள்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்திருந்ததை டாக்டருக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். டாக்டர் கறாராகச் சொன்னார்: "குலுங்கற வண்டி இனிமே கூடாது. இடது கால் மரத்துப்போச்சுன்னா திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது." அத்தான் மற்ற டப்பாக்களை எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தத்துக் கொடுத்தார். இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. அது பட்டியலில் இருக்கிறவரை அதைப் பார்த்துக்கொள்வது தன் கடமை என்றார்.

அத்தான் ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவர், ஆகவே தளத்து வேலையெல்லாம் அக்காவுடையது. ஒருநாள் அவள் தளத்தில் அந்த டப்பாவுக்கான பக்கத்தைத் திறந்து, புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கங்களில் ஒரு நான்கை ஏழாக்கிவிட்டாள். டப்பா இருப்பது இந்தக் கரையில், எண் காட்டுவது எதிர்க்கரையை. யாருக்கும் கிடைக்காத டப்பாவை நீக்கிவிடுவார்கள், அதோடு அவர் போவதும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. கிடைக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் போதும், அத்தான் எருமையைக் கிளப்பிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டே போகத் தெரிந்த வழி, அவருக்கு எண் எதற்கு? போவார், டப்பா இருந்த இடத்திலேயே இருக்கும், "பத்திரமா இருக்கு, நல்லாத் தேடுங்க" என்று எழுதச் சொல்வார். அடுத்தவர் வந்து எதிர்க்கரையில் தேடுவார். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை போனவர் இப்போது மாதம் தவறாமல் போகிறார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறார்.

"எண்ணை மறுபடி மாத்திட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"மாத்தினா எப்படி மாறிச்சுன்னு கேப்பார். நான்தான்னு சொல்லணும். அதான் வாய் வரலங்கறேன்."

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த அக்காவை வாசகர்கள் நம்புவார்களா? புருஷனுக்குத் தெரியாமல் சூழ்ச்சி செய்கிற... [நிறுத்தினேன்.] போன் போட்டுக் கேட்டேன்.

"சூழ்ச்சின்னு எழுதாதே," என்றாள்.

"பின்ன எப்படி எழுதறது?"

"பயந்தேன்னு எழுது."

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். என் அக்கா பயந்தாள். தன் கையால் எடுத்த படத்தைப் பார்த்துப் பயந்தாள்.

[அத்தான் என் கதை எதையும் பாதிக்கு மேல் படித்ததில்லை. "நல்லாருந்துச்சு மாப்ள, பாதியில அருமையா தூக்கம் வந்துச்சு" என்பதுதான் அவருடைய மிக உயர்ந்த பாராட்டு. ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் இதற்கு மேலேயே வைத்துவிட்டேன். தூங்குங்கள் அத்தான். மிச்சம் உங்களுக்கானது இல்லை.]

4

தகவல் சேகரிக்கலாம் என்று நானும் ஒருமுறை அத்தானோடு போனேன். அக்காவுக்கு அன்று ட்யூட்டி.

மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைக் குறைத்தார். காற்று குறைந்தால் டயர் பரந்து மணலில் புதையாமல் போகும் என்று விளக்கினார். நான் கவனித்தது அவர் இறங்கிய விதத்தை. முதலில் கதவைப் பிடித்தார், பிறகு இருக்கையின் விளிம்பை, கடைசியாக இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாறைக்கு அடியில் டப்பா பத்திரமாக இருந்தது. என் செல்போனில் அம்புக்குறி எதிர்க்கரையைக் காட்டிக்கொண்டு நின்றது. சத்தமில்லாமல் போனைப் பைக்குள் போட்டேன்.

"எதை ஒளிக்கற மாப்ள?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு சொன்னார்...

[இல்லை. இது இங்கே வரக் கூடாது.]

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அக்கா ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், இருவரும் சிரித்தபடி மணலில் போகிறார்கள். [பக்கத்து இருக்கையிலும் அதே குலுக்கல்தான். முதுகுக்கு யார் ஓட்டுகிறார்கள் என்பது தெரியாது.]

எருமை ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது. [கதாசிரியன் தன் வசதிக்கு ஜீப்பைக் கொல்வது கோழைத்தனம். மேலும் அத்தான் எப்படியும் அதைச் சரிசெய்துவிடுவார்.]

நானே எண்ணைத் திருத்திவிடுகிறேன். அக்கா கடவுச்சொல்லைத் தந்திருக்கிறாள். பக்கம் என் முன்னால் திறந்திருக்கிறது. ஏழு என்பதை அழித்து நான்கைப் போட்டால், வருகிறவர்களுக்கு டப்பா கிடைக்கும், புகார் வராது, அத்தான் போகக் காரணமும் இருக்காது. ஒரு இலக்கம்தான். விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அத்தான் அன்று சொன்னதைக் கேட்ட பிறகு அது என் கை படக்கூடிய எண்ணாகத் தெரியவில்லை.

வாசகர்களே, டப்பாவில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்து என் வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டீர்கள். முடிவை நீங்கள் வையுங்கள். எனக்கு இன்னும் ஒரு ஆளிடம் பேச வேண்டியிருக்கிறது.

6

அக்கா, நீ எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாய். முடிவு சரியில்லாவிட்டால் கீழே வைத்துவிடுவாய். அதனால் இந்தப் பக்கம் உனக்கு.

அன்று ஆற்றங்கரையில் அத்தான் சொன்னது இது: "அந்தக் கரையைப் பாரு. வந்தவங்க டயர் தடமெல்லாம் அங்கதான் கிடக்கு. ரொம்ப நாளா பாக்கறேன். நம்பர் மாறியிருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க அக்கா இடது கால் வலது கால் மாத்தி ஒரு படம் எடுத்தவ இல்ல. தெரிஞ்சேதான் மாத்தியிருக்கா."

"எதுக்கு அத்தான்?"

"டாக்டர் போகக் கூடாதுன்னாரு. அவளும் அவர் முன்னாடி தலையாட்டிட்டா. ஆனா என் மூஞ்சியப் பாத்திருப்பா. யாருக்கும் கிடைக்கலைன்னாதானே நான் கிளம்ப முடியும்? போயிட்டு வாங்கன்னு வாயால சொல்ல முடியாம, இப்படி வழி பண்ணிக் குடுத்திருக்கா."

கிளிப்பைத் துடைத்து டப்பாவுக்குள் வைத்து மூடினார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"நெசமா சொல்லட்டுமா மாப்ள? இப்பல்லாம் கால் கிளட்ச் மேல இருக்கான்னு குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கறேன். எனக்கே போதும்னு ஆயிடுச்சு. ஆனா அவ எனக்காக இவ்வளவு பண்ணியிருக்காளே, போகலைன்னா அவ மனசு கஷ்டப்படாதா?"

எண் இன்னும் ஏழாகத்தான் இருக்கிறது அக்கா. முதல் பக்கத்துக்கு வா. அத்தான் அங்கேதான் படித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தூங்கியிருக்க மாட்டார்.