வைஃபைக்குப் பாடு போட்ட ஊர்

கும்முடிப்பூண்டி சிப்காட்ல கம்பி உருக்கற கம்பெனி ஒண்ணு ரோஜாவுக்கு வேலை குடுத்துச்சு. ஊட்லயே உக்காந்துகினு, லாரிங்க எங்க போவுது, எங்க நிக்குது, டிரைவர் எந்த டீக்கடைல தூங்கறான்னு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்ற வேலை. கல்யாணத்துக்கு முன்ன அதே கம்பெனில தான் இருந்தா. அப்ப ஊத்துக்கோட்டை பக்கம் நைனா ஊட்லருந்து கம்பெனி பஸ்ஸுல போவா. ஹேமநாத்தக் கட்டிகினு பழவேற்காடு ஏரிக்கரைல நடுமேட்டுக்குப்பத்துக்கு வந்தப்புறம் பஸ்ஸும் இல்ல, வேலையும் இல்ல. அதுலருந்து இறால் உரிச்சே நகமெல்லாம் போச்சு. அந்தக் கைக்கு மறுபடி ஒரு வேலை வருதுன்னா சொம்மாவா? சந்தோசத்துல ரெண்டு நாளு சோறே எறங்கல அவளுக்கு.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஊட்டு வைஃபை அவ ஒருத்தி கையில மட்டும் இருக்கணும். வேற ஒருத்தர் போன் கூட அதுல சேந்திருக்கக் கூடாது. சபரிநாதன்னு கம்பெனில பாதுகாப்பு ஆபீசர் ஒருத்தரு, அவரே வீடியோல வந்து சோதனை பண்ணுவாரு. அதுல தேறுனாதான் வேலை. தேறலன்னா மறுபடியும் இறாலு தான்.

பொன்னேரிலருந்து கேபிள்காரன் வந்து, ஜன்னல் ஓரமா ரூட்டர மாட்டிட்டுப் போனான். ரோஜா விவரமானவ. பொட்டிக்கு அடில ஸ்டிக்கர்ல இருந்த பாஸ்வேர்ட அப்பவே மாத்துனா. உள்ள போய் செட்டிங் மாத்தறதுக்கு இருந்த பாஸ்வேர்டயும் மாத்துனா. பட்டனத் தட்டுனாவே யாரும் உள்ள வந்துடலாம்னு ஒரு வசதி இருந்துச்சு, அதயும் அணைச்சா. எல்லாத்தயும் ஒயுங்கா பண்ணிட்டு ஒரு டீ போட்டுக் குடிச்சா. டீ கிளாஸக் கயுவறதுக்குள்ள தெருல பத்து பேரு அவ வைஃபைல படம் பாத்துகினு இருந்தாங்க.

வேற யாரு, மாமியா செங்கம்மாள் தான். தன் போனுக்கு ஒரு தபா போட்டுக் குடுன்னு கேட்டு வாங்கிகினு, அப்படியே வாசல்ல நின்னு ஊருக்கே சொல்லிடுச்சு. நடுமேட்டுக்குப்பத்துல போன் பேசணும்னாவே ஏரி ஓரமா போய் கையத் தூக்கிகினு நிக்கணும். அந்த ஊர்ல வைஃபைன்னா வுடுவாங்களா?

"அத்த, இத்தப் போய் யாராவது வெளிய சொல்லுவாங்களா?"

"கேட்டுகினு வந்தவங்கள இல்லன்னு அனுப்பச் சொல்றியா? நம்ம ஊட்ல அந்தப் பயக்கமே கெடையாது" அப்படின்னுச்சு செங்கம்மாள்.

ரோஜா பாஸ்வேர்ட மாத்துனா. ஹேமநாத் கிட்ட மட்டும் சொன்னா. அந்த நல்ல மனுசனுக்கு அம்மா கேட்டா பொய் சொல்ல வராது. மறுபடி மாத்துனா, அவன் கிட்டயும் சொல்லல. அன்னிக்கி செங்கம்மாள் நாஷ்டா சாப்புடாம செவுத்தப் பாத்துகினு படுத்துடுச்சு. பேஜாரு தாங்காம குடுத்துட்டா. கடைசியா, வைஃபை பேரே வெளிய தெரியாத மாதிரி மறைச்சு வச்சா. அது தான் ஊர்ல நெருப்பு வச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஊர்த் தலைவர் அரசப்பன் அன்னிக்கி சாயங்காலமே பஞ்சாயத்தக் கூட்டுனாரு. மாரியம்மன் கோயில் முன்ன ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்.

"இன்னாமா, பேர மறைச்சியாமே? மேல மெதப்பு கட்டாம, யாருக்கும் தெரியாம தண்ணிக்குள்ள வலை போடறதும் இதுவும் ஒண்ணு தான் தெரியுமா? அது திருட்டு வலை."

"மாமா, அது எங்க ஊட்டுப் பொட்டி."

"பொட்டி உங்களுது தான். இல்லன்னு யாரு சொன்னா? அதுலருந்து வர்றது எங்க உழுது?"

"தெருல."

"தெரு யாருது?"

ஊர் எடத்துல உழறது ஊருக்குச் சொந்தம், ஏரி மாதிரி தான்னு தீர்ப்பு சொல்லிட்டாரு அரசப்பன். ஏரின்னா பாடு உண்டு. அது இன்னான்னா, ஏரில நல்லா மீன் உழற எடத்துக்கு, ஒரு சுத்துக்கு எல்லா பேரயும் போட்டு ஊர்ல சீட்டு குலுக்குவாங்க. எந்த நாளைக்கு யார் பேரு வந்துச்சோ அன்னிக்கி அவனோட பாடு. அவன் வலை போடுவான், வேற ஒருத்தன் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டான். அப்பன் பாட்டன் காலத்துலருந்து அந்த ஏரில வெட்டுக்குத்து இல்லாம இருக்குதுன்னா அதனால தான். அத்தயே வைஃபைக்கும் போட்டுட்டாங்க! ரோஜா இத்தக் கேட்டு சிரிக்கறதா அயுவறதான்னு தெரியாம புடவத் தலப்ப வாயில வச்சிகினா.

திருட்டு வலை போட்ட குத்தத்துக்கு ஹேமநாத்துக்கு இந்த சுத்துல பாடு கெடையாதுன்னும் சொல்லிட்டாங்க. தண்டனைன்னா அந்த ஊர்ல அது தான், ஒரு பாட்டப் புடுங்கிக்குவாங்க.

"அப்ப எனக்கு ஒரு சீட்டு போடுங்க. வாங்குனவ நானு" அப்படின்னா ரோஜா.

ஆம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. பாடு ஊட்டுக்கு ஒரு ஆம்பள தலைக்கட்டுக்குத் தான், பொம்பளைக்கு ஏதுமா பாடுன்னாரு அரசப்பன். கோவத்துல அவரு முகத்தக் கூடப் பாக்காம எய்ந்து வந்துட்டா ரோஜா.

மறைச்ச பேர ரோஜா மறுபடி தெரிய வைக்க வேண்டியதாப் போச்சு. மறுநாளு பொயுது விடிஞ்சதும் ஊரே சேந்து எல்லை கட்டுச்சு. போனக் கையில புடிச்சிகினு நாலு பக்கமும் நடந்து போனாங்க. எங்க சிக்னல் சாவுதோ அங்க ஒரு சவுக்குக் கயி நட்டாங்க. ஒரு கயி கோயில் பின்னால, ஒரு கயி தெருக்கோடில கங்கம்மா ஊட்டு கோழிக்கூண்டுக்குள்ள. எல்லா ஊட்லயும் அவ பாஸ்வேர்ட் இருந்துச்சு, ஆனா பாடு இல்லாத நாள்ல ஒருத்தன் தொடல. மாத்தறதுக்குத் தான் ரோஜாவுக்கும் தைரியம் வரல. மாத்துனா அடுத்த சுத்து பாட்டயும் புடுங்கிடுவாங்களோன்னு பயம், வைஃபைல மட்டும் இல்ல, ஏரிலயும் ஹேமநாத்துக்குப் போவும். ரெண்டுக்கும் ஒரே சீட்டுப் பானை தானே.

மொத பாடு அரசப்பனுக்கே உழுந்துச்சு. காலைல குளிச்சு முயிகி, ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிகினு வந்து ரூட்டருக்கு எதிர்க்கப் போட்டு உக்காந்துட்டாரு. தன் பாட்டத் தானே காவல் காக்கறாராம். போன்ல ஒண்ணும் பாக்கல மனுசன். பச்சை லைட்டு மினுக்கறதயே பாத்துகினு இருந்தாரு. மதியானம் ரோஜா சோறு போட வேண்டியதாப் போச்சு. ஒரு நாளு ஊர்ல லட்சுமியம்மாள்னு ஒரு வயசானவங்க தவறிப் போனாங்க. ஊர்ல சாவுன்னா வலை எறக்க மாட்டாங்க, அதனால ரூட்டரயும் அணைச்சிட்டாங்க. அன்னிக்கி கம்பெனிக்காரங்க வச்ச டிரெய்னிங்கு ரோஜாவுக்குப் போச்சு.

அப்பால சபரிநாதன் கிட்டருந்து தேதி வந்துச்சு. அன்னிக்கி யார் பாடுன்னு கேட்டா, முனிகிருஷ்ணன் பாடு. போயும் போயும் அந்த ஆளா! ஹேமநாத்தோட படகு இஞ்சின்ல தண்ணிக்குள்ள சுத்தற ஃபேன் ஒரு தபா அவன் வலைய அறுத்துடுச்சு. அதுலருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு வார்த்த கெடையாது. இருந்தாலும் ரோஜா போனா. வேலைன்னு வந்தப்புறம் மானத்தப் பாத்தா ஆவுமா?

முனிகிருஷ்ணன் ஊட்டு முன்ன கிழிஞ்ச வலைய ஊசியால பொத்திகினு இருந்தான்.

"மாமா, ஒரே ஒரு மணி நேரம் வுட்டுக் குடுங்க."

"பாட்ட வுட்டுக் குடுக்கறதா? எங்க அப்பாரே எங்க சித்தப்பாவுக்கு வுட்டுக் குடுக்கல."

"இந்த வேலை போச்சுன்னா நான் செத்துடுவேன் மாமா." சொன்னப்பவே அவளுக்கு கண்ணு நெறஞ்சிடுச்சு.

முனிகிருஷ்ணன் ஊசியக் கீழ வச்சான். கல்லு மனசுக்காரன் இல்ல அவன், சட்டம் தான் கல்லு. "வுட்டுக் குடுக்க முடியாது. ஆனா என் பாட்ல நான் ஒரு ஆள் வச்சிக்கலாம். நீ என் படகு ஆளா வா" அப்படின்னான்.

"வரேன். ஆனா ஒரே பாட்ல ரெண்டு வலை போடக் கூடாது இல்ல? அந்த ஒரு மணி நேரம் உங்க போனு, உங்க ஊட்டு போனு எல்லாம் அணைச்சு இருக்கணும்."

"அதான் மொற" அப்படின்னு ஒத்துகினான் முனிகிருஷ்ணன். அன்னிக்கி போன்ல நார்வே நாட்டுக்காரன் மீன் புடிக்கற வீடியோ பாக்கலாம்னு வச்சிருந்தானாம், அதக் கூட வுட்டுட்டான்.

சோதனை நாளு வந்துச்சு. முனிகிருஷ்ணன் கல்யாணத்துக்குப் போற மாதிரி வெள்ளைச் சட்ட போட்டு, விபூதி வச்சிகினு, ரோஜா பக்கத்துல உக்காந்தான். பாடு வச்சிருக்கறவன் இல்லாம ஆளு மட்டும் வேலை செய்யக் கூடாதாம். ஹேமநாத்துக்குத் தான் பாடு இல்லியே, படகப் பாக்க ஏரிக்கரைக்குப் போயிட்டான். ஜன்னலுக்கு வெளிய பாதி ஊரு நின்னுச்சு, போனையெல்லாம் அணைச்சிட்டு.

கம்ப்யூட்டர்ல சபரிநாதன் வந்தாரு. மூக்குக் கண்ணாடி, ஏசி ரூம்பு, சிரிக்காத முகம்.

"மேடம், ரூட்டரோட வந்த பாஸ்வேர்ட் மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் சார்."

"எத்தனை டிவைஸ் கனெக்ட் ஆயிருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டுங்க."

காட்டுனா. ஒண்ணே ஒண்ணு. சபரிநாதன் கண்ணாடியக் கயட்டித் தொடச்சிட்டு மறுபடி பாத்தாரு. சென்னைல பெரிய பெரிய எஞ்சினியர் ஊட்லயே பக்கத்து ஊட்டு டிவி வரைக்கும் சேந்திருக்கும் மேடம்னாரு. ரோஜாவுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

"கடைசி கேள்வி. இந்த நெட்வொர்க் யாரோட கண்ட்ரோல்ல இருக்கு? யார் சொன்னா நிக்கும், யார் சொன்னா ஓடும்? தெளிவா சொல்லுங்க, ரெக்கார்ட் ஆவுது."

முனிகிருஷ்ணன் நெஞ்ச நிமித்திகினு உக்காந்தான். ஜன்னல்ல இருந்த தலைங்கெல்லாம் உள்ள நீட்டுச்சு. இன்னிக்கி இவன் பாடுன்னு சொன்னா வேலை போச்சு. இல்லன்னு சொன்னா ஊரு வுடாது. ஆண்டவனே, இப்படி ஒரு மடக்கு யாருக்கும் வரக் கூடாது.

"எனுது சார்" அப்படின்னா. "நான் வாங்குனது, நான் பூட்டுனது. இதுல வேற யாருக்கும் பாத்தியம் கெடையாது."

"பக்கத்துல இருக்கறவர் யாரு?"

"எங்க ஊர்க்காரரு சார். சொம்மா உக்காந்துகினு கீறாரு."

சபரிநாதன் அப்பவே பாஸுன்னு சொல்லிட்டாரு. திங்கக்கெயமலருந்து வேலை. முனிகிருஷ்ணன் மட்டும் அப்படியே வெளுத்துப் போயி, "சொம்மாவா? நான் சொம்மாவா?"ன்னு முனகிகினே எய்ந்து போனான். அவனுக்கு ஒறச்சது பாத்தியம் இல்லன்னதக் கூட இல்ல, அந்த சொம்மா தான்.

பொயுது சாயறதுக்குள்ள பஞ்சாயத்து. வேற ஆளு பாட்ல உக்காந்துகினு தன்னுதுன்னு சொன்னது பெரிய குத்தம். சாட்சிக்குப் பாதி ஊரு கீது. ரோஜா எதயும் மறைக்கல. சொன்னேன், எனுது தான், இன்னொரு தபா கேட்டாலும் அத்தத் தான் சொல்லுவேன்னு நின்னா. அப்ப அவளுக்கு பயமே இல்ல, வேலை கெடச்ச தைரியம்.

அரசப்பன் தொண்டயக் கனைச்சிகினு, "ஒரு பாட்டப் புடுங்கறோம்" அப்படின்னாரு.

"யாருத?" அப்படின்னான் ஹேமநாத். "எனுத தான் முன்னாடியே புடுங்கிட்டீங்களே. இல்லாததப் போயி எப்படிப் புடுங்குவீங்க?"

கூட்டத்துல சலசலப்பு. அடுத்த சுத்துலருந்து எடுக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். குலுக்காத சீட்ட எடுக்கற மொற எங்க கீதுன்னு இன்னொருத்தன் கத்துனான். மன்னிச்சு வுட்டுடலாமான்னு ஒருத்தன் மெதுவா கேட்டான். முனிகிருஷ்ணன் எகிறிட்டான். "மன்னிக்கறதா? சொன்னது அவ. புடுங்கறதுன்னா அவளோடதப் புடுங்குங்க!"

"அவளுக்குத் தான் பாடே கெடையாதேப்பா."

"அப்ப ஒண்ணு குடுத்துட்டுப் புடுங்குங்க! ஒயுங்கா தண்டன குடுக்கத் தெரியாதா ஊருக்கு?"

எல்லாரும் அரசப்பனப் பாத்தாங்க. அரசப்பன் வானத்தப் பாத்தாரு. அவருக்கும் வேற வயி தெரியல. சீட்டுப் பானையக் கொண்டாரச் சொன்னாரு. ஒரு துண்டுச் சீட்ல 'ரோஜா'ன்னு எயுதி, மத்த பேருங்களோட பானையில போட்டாங்க. பூசாரி குலுக்குனாரு. மூணாவது ஆளா அவ பேரு வந்துச்சு. இது ரோஜாவோட பாடு, இத்தக் குத்தத்துக்காகப் புடுங்கறோம்னு அரசப்பன் உரக்கச் சொல்லி, சீட்டக் கிழிச்சாரு. ஆம்பளைங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

"மாமா, ஒரு சந்தேகம். இந்த சுத்து புடுங்கிட்டீங்க. அடுத்த சுத்துல?" அப்படின்னா ரோஜா.

"அடுத்த சுத்துல உன் பேரு திரும்ப வந்துடும். ஒரு குத்தத்துக்கு ஒரு பாடு தானே."

"வைஃபைக்கா, ஏரிக்கா?"

"ஒரே பானை தானேமா, ரெண்டுக்கும்..." சொல்லிகினே வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. முனிகிருஷ்ணன் தலயில கைய வச்சிகினு மண்ணுல உக்காந்துட்டான். அந்த ஊரு பொறந்த நாள்லருந்து ஒரு பொம்பள பேரு அந்தப் பானையில உழுந்ததில்ல. இப்ப எடுக்கவும் முடியாது. எடுத்தா அவளுக்குப் பாடு இல்லன்னு ஆவும், பாடு இல்லன்னா குடுத்த தண்டன செல்லாது, தண்டன செல்லலன்னா அவ சொன்னது நெஜம்னு ஆயிடும்.

அப்ப பொம்பளைங்க பக்கத்துலருந்து செங்கம்மாள் எய்ந்துச்சு. கூடையத் தூக்கிகினு பொன்னேரி வரைக்கும் போயி மீனு வித்து இந்த ஊட்ட நிறுத்துனது அது தான். நேரா பானை கிட்ட வந்து, இடுப்புல கைய வச்சிகினு நின்னுச்சு.

"அந்தப் பொட்டி எனுதுன்னு நானும் தான் சொன்னேன்."

"நீ எப்பமா சொன்ன?" அப்படின்னாரு அரசப்பன்.

"இப்ப சொல்றேன். முனிகிருஷ்ணன் பாடு இன்னும் முடியல, வெளிச்சம் கீது. எனக்கும் தண்டன குடு."

ரோஜா மாமியாளயே பாத்துகினு இருந்தா. பின்னால சரசரன்னு புடவ சத்தம் கேட்டுச்சு. கங்கம்மா எய்ந்தா, அவ பக்கத்துல உக்காந்திருந்தவ எய்ந்தா, அவளுக்குப் பின்னால இன்னும் நாலு பேரு எய்ந்தாங்க. எல்லாரும் குத்தம் பண்ணிட்டோம்னு சொல்லிகினே பானை முன்ன வரிசையா வந்து நின்னாங்க.

அரசப்பன் பூசாரி கிட்ட இன்னும் கொஞ்சம் பேப்பர் இருக்கான்னு கேட்டாரு.