தனி மஞ்சள்

வெளிநாட்டு மஞ்சள் வருவதை அரசாங்கம் நிறுத்தியபோது கண்டிக் கடைகளில் மாவு கலந்த தூள்தான் கிடைத்தது. இங்கேயே விளையட்டும் என்று கமநல நிலையத்தில் விதை மஞ்சள் கொடுத்தார்கள். தெல்தெனியவுக்கு மேலே சரிவில் அரை ஏக்கர் வைத்திருந்த மஹ்ரூபுக்குப் பத்துக் கிலோ கிடைத்தது. முதல் வருடம் பாதி அழுகிப்போனது. மிஞ்சியதில் நல்லதைப் பொறுக்கி மறுபடியும் நட்டான். அப்படியே நாலு வருடம்.

நாலாம் வருட விளைச்சலைப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியை சஞ்சீவனி ஒரு கிழங்கை உடைத்துப் பார்த்தாள். "அண்ணே, இந்தத் தடவ ஒங்க விதையத்தான் நாப்பது வீட்டுக்குக் குடுக்கப் போறோம்," என்றாள்.

அன்றைக்கு மஹ்ரூபுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"மினிஸ்டராகிட்டீங்களோ? வந்து தின்னுங்க," என்றாள் மனைவி மஸாஹிரா.

"மினிஸ்டருக்கு கீரச்சோறு எறங்காது புள்ள."

மூன்று வரிசையை அவனே கிண்டி, மண் போக உதறி, சாக்கில் கட்டிக் கொட்டிலில் நிழலாக வைத்தான். வீட்டில் அதை யாரும் விதை என்று சொன்னதில்லை. முதல் வருடத்திலிருந்தே அது 'தனி மஞ்சள்'தான். ஒரு வாரம் கழித்து, விடிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள்.

கணவனை இழந்த மஸாஹிரா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் ஒரே அறை. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கணவனின் மூத்த சகோதரர் மக்கீன் நானாவும் அதில் அடக்கம். அறையின் ஒரே ஜன்னலுக்கும் திரை போட்டிருந்தார்கள்.

தம்பியின் விளைச்சல் மண்ணோடு போய்விடக் கூடாது என்று மக்கீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் ஆட்கள் ஐந்து பேரோடு வந்தார். மண்வெட்டிச் சத்தம் கேட்டதும் மஸாஹிராவுக்குச் சாக்கு நினைவு வந்தது. தங்கை ஸஹ்ராவைக் கூப்பிட்டாள்.

"தனி மஞ்சள் தனியாவே ஈக்கட்டும்னு மச்சானுக்கிட்ட சொல்லுங்க. மத்ததோட கலந்திட வாணாம்."

ஸஹ்ரா போய்ச் சொன்னாள். "கலக்க மாட்டோம்னு சொல்லு," என்று மக்கீன் உரக்கச் சொன்னது அறைக்குள்ளும் கேட்டது.

காயவைத்துத் தூளாக்குவதற்காகப் பிற்பகல் முழுவதும் முற்றத்தில் மஞ்சள் அவிந்தது. அந்த வாசத்தில் மஸாஹிராவுக்குக் கொஞ்சம் கண்ணயர்ந்தது. மஹ்ரூப் போன பிறகு அவள் பகலில் தூங்கியது அன்றுதான்.

அந்தியில் மஃரிபுக்கு முன் ஸஹ்ரா தேத்தண்ணியோடு வந்தாள். "ராத்தா, எல்லாம் முடிஞ்ச. ஒங்கட தனி மஞ்சள தனிப் பானையிலயே அவிச்சாங்க. நாப்பதாம் நாள் கத்தத்துச் சோத்துக்குத்தானே நீங்க எடுத்து வெச்சிருப்பீங்க? மச்சான் ஒருத்தரயும் அந்தப் பானையில கைவைக்க உடல்ல. அவரே நின்டு கிளறின."

மஸாஹிரா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். அவிந்த கிழங்கு முளைக்காது.

"என்ன ராத்தா?"

"ஒன்டுமில்ல. சீனி கூட."

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து மூன்றாம் நாள் சஞ்சீவனி வந்தாள். பெண் என்பதால் அறைக்குள்ளேயே வந்து பாயில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"விதைய எங்கக்கா வச்சிருக்கீங்க? லொறி வெள்ளிக்கெழம வருது."

"பழுதாப் போச்சு மிஸ்."

"பழுதா? மஹ்ரூப் அண்ணன் வச்சதா? அவரு அப்படி வைக்கமாட்டாரே."

"அவர் சரியாத்தான் வெச்ச," என்றாள் மஸாஹிரா அவசரமாக. "நான்தான் பாக்கல்ல."

சஞ்சீவனி பட்டியலை விரித்தாள். விதை கொடுப்பவர் என்ற இடத்தில் மஹ்ரூபின் பெயர் அச்சாகியிருந்தது. அதன் மேல் அவள் ஒரு கோடு போட்டாள். மஸாஹிரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சஞ்சீவனி எழுந்து வெளியே போனாள். அங்கே மக்கீன் காத்திருந்தார். "மிஸ், இதப் பாத்துட்டுப் போங்க! தம்பிட தனி மஞ்சள். மஸாஹிரா சொன்னமாதிரியே ஒன்டோடயும் கலக்காம நானே அவிச்ச."

 பிறகு கதவு ஒரு சாணளவு திறந்தது. சஞ்சீவனியின் முகம் மட்டும் தெரிந்தது. மஸாஹிரா தலையை இரண்டு தரம் இடம் வலமாக அசைத்தாள்.

கதவு மூடியது.

"நெறம் ரொம்ப நல்லா வந்திருக்குங்க," என்று சஞ்சீவனி சொல்வது கேட்டது.

மக்கீன் சிரித்தார். தம்பியை அடக்கம் செய்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு ஓயும் வரை மஸாஹிரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.