யாராவது ஒருத்தர்

...யாராவது ஒருத்தர் வராமல் இருக்கட்டும், யார் என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது, மில் வாசல் கருப்பசாமிக்குக் கற்பூரம் ஏற்றும் பதிலி ஆட்கள் யாரும் பேர் சொல்லி வேண்டுவதில்லை. பேர் சொன்னால் சாபம். சொல்லாவிட்டால் வேலை. கருத்தக்கண்ணன் கண்ணைத் திறந்தான். நிரந்தர ஆள் எவனாவது வராமல் போனால்தான் பதிலிக்கு அன்றைக்கு உள்ளே இடம், இந்த வாரம் ஒருத்தன்கூட லீவு போடவில்லை, மின்வெட்டால் ஒரு ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள், இருக்கிற வேலையை எவன் விடுவான், காய்ச்சலோடு வருகிறார்கள், இருமிக்கொண்டே வருகிறார்கள்... வீட்டில் மனைவி ஜெயக்கொடி எதுவும் கேட்பதில்லை. அவன் திரும்பி வரும் நேரத்தை வைத்தே தெரிந்துகொள்கிறாள். பக்கத்தில் இன்னொரு பதிலி பேயாண்டி பல் குத்திக்கொண்டு, "மாப்ள, நேத்து உள்ள போற அம்புட்டுப் பேருக்கும் வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்தேன். ஒருத்தனுக்காவது வயித்தக் கலக்காமலா போகும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தார்கள்.

மில் சங்கு ஊதியது. மேஸ்திரி ஆண்டிச்சாமி தலையை நீட்டினார். "ஸ்பின்னிங்ல ஒரு ஆளு. கருத்தக்கண்ணா, வா." பேயாண்டியின் சிரிப்பு நின்றது. கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது, கருப்பா, கேட்டுவிட்டாய்... "யாருண்ணே வரல?" "முத்திருளன்." மச்சானா? ஜெயக்கொடியின் அண்ணனா? பரவையிலிருந்து சைக்கிளில் வருகிறவர், மழையிலும் வருகிறவர், தன் கல்யாணத்துக்கு மறுநாளே வந்து நின்றவர். திண்டுக்கல் ரோடு. லாரி. போய்ப் பார்க்க வேண்டும், யாரிடமாவது சைக்கிள் வாங்கி... "அவருக்கு என்ன ஆச்சுண்ணே?" "எனக்கென்ன சோசியமா தெரியும்? வாரியா, பேயாண்டியக் கூப்பிடவா?" "வாரேன்ணே." யார் சொன்னது அது? அவன் வாய்தான். கால் அதற்கு முன்பே உள்ளே இருந்தது.

மச்சானின் மெஷின். சுவர் ஆணியில் மச்சானின் காக்கிச் சட்டை, தோளில் பஞ்சு. அதைப் பார்க்காமல் அறுந்த இழைகளை ஒட்டினான், ஒட்ட ஒட்ட வேறு இடத்தில் அறுந்தது, கருப்பா, நான் பேர் சொல்லவில்லையே, உனக்கே தெரியும்... சொல்லாததால்தான் நீயே ஒருத்தரை எடுத்துக்கொண்டாயா? ரோட்டோரம் கிடக்கிறாரா, வெயில் ஏறுகிறது, முகத்தில் துண்டு போட்டிருப்பார்களா, ஜெயக்கொடியிடம் யார் போய்ச் சொல்வது, நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால், அவர் மெஷினில் என்றா சொல்வது? மச்சானுக்கு ஆண் பிள்ளை இல்லை. செத்தவன் இடத்தைச் சொந்தத்தில் ஒருத்தனுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு... கை நின்றது. எங்கிருந்து வந்தது இந்த நினைப்பு? யார் நினைத்தது? முதுகு வேர்த்தது, இழைகள் சேர்ந்து அறுந்தன, ஆணியில் சட்டை, காற்றில்லாமலே அசைந்த மாதிரி...

"மேஸ்திரிண்ணே!" மெஷின் சத்தத்தை மீறி அந்தக் குரல். வாசலில் மச்சான். முழங்கை சிராய்த்து, உடம்பெல்லாம் சேறு, உயிரோடு. "செயின் அறுந்து வாய்க்கால்ல விழுந்துட்டேண்ணே. பாதித் தூரம் உருட்டிக்கிட்டே வாரேன்." கருத்தக்கண்ணன் சட்டென்று குனிந்தான். இழை எதுவும் அறாத இடத்தில் குனிந்தான். மேஸ்திரி என்ன சொல்கிறார், வந்தவரை வெளியே போகச் சொல்வாரா, சொல்லட்டும், கருப்பா, சொல்லட்டும்... "ஆள் போட்டாச்சுப்பா. நாளைக்கி வா." அப்புறம் காலடி, நெருங்கி வந்தது. "அட, மாப்ள! நீயா? எவனோன்னு நெனச்சேன். நம்ம வீட்டுக்குள்ளதான, இருக்கட்டும்." காய்ந்த சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறினார். "கடைசிக் கதிரப் பாத்துக்க, நூல சும்மா சும்மா அறுக்கும்." "கையில ரத்தம் வருது மச்சான்." "அது கெடக்கு."

நொண்டிக்கொண்டு போகிறார். உயிரோடுதான் போகிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், இனி பயப்பட என்ன இருக்கிறது? அவரைப் பார்த்ததும் போயிருக்க வேண்டும் இந்தப் பயம், ஏன் போகவில்லை... கடைசிக் கதிரில் இழை அறுந்தது. ஒட்டப் போனான். குனிந்தபோது வேண்டினானே, அதிலும் பேர் இல்லை, ஆனால் முகம் இருந்தது. நாளைக் காலையில் கற்பூரத்தின் முன்னால் கண்ணை மூடினால், அதே முகம்...