மஞ்சள் கோடு

வகுப்பில் அவளுக்கு ‘மஞ்சள்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்குகிறது; அதை எழுப்ப யாருக்கும் அவசியம் வந்ததில்லை. பாடப் புத்தகத்தை எடுத்தால் மஞ்சள் ஹைலைட்டரும் கூடவே கைக்கு வந்துவிடும். முக்கியமான வரிக்கு ஒரு கோடு போடுவாள். பக்கத்து வரி பாவம், தனியாக நிற்கிறதே என்று அதற்கும் ஒன்று. இப்படி இரக்கப்பட்டு இரக்கப்பட்டு, கடைசியில் கோடு போடாத வரிதான் தனியாகக் கண்ணில் படும். நர்ஸாக வேலை பார்க்கும் அவளுடைய அக்கா ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சுடி, அட்மிட் பண்ணிடலாம்" என்றாள்.

கடைசி ஆண்டில் ஆளுக்கோர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கோடு போட்டுப் படித்தால் பாடம் மனதில் நிற்கிறதா என்பது மஞ்சள் எடுத்துக்கொண்ட தலைப்பு. தன் வழக்குக்குத் தானே வக்கீல். ஆனால் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறையும் விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: ‘நீ சொல்ல வருவது என்ன?’ வரும் வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அதுவும் போனால், தோழிகள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்ப, இவள் இன்னொரு வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான்.

அந்த விரிவுரையாளரின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை ஒப்படைக்கும் முன் இன்னொரு மாணவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டுத் தாள்களைக் கவிழ்த்து வைத்து, புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அதுவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. முந்தைய இரண்டு முறையும் மஞ்சளுக்கு வாய்த்தவர்கள் ரொம்ப நல்லவர்கள். தாளைக் கவிழ்க்கக்கூட இல்லை, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இந்த முறை மாட்டியவள் ஒட்டகம். உயரத்தால் வந்த பெயர். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற ரகம்.

கேன்டீனில் கால் ஆடுகிற மேசை ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒட்டகம் பிஸ்கட்டைக் கடித்தபடி முழுவதையும் படித்தாள். தாள்களைக் கவிழ்த்தாள்.

"சரி, சொல்றேன். ஆதி மனுஷன் குகையில இருந்தான். சுவத்துல கோடு போட்டான். அப்புறம் எழுத்து வந்துச்சு, அச்சு வந்துச்சு. மூணு பக்கத்துக்கு அதுதான். நடுவுல எங்களையெல்லாம் ரெண்டு குழுவாப் பிரிச்சு ஏதோ டெஸ்ட் வெச்ச. ‘சில மாறுபாடுகள் காணப்பட்டன.’ கடைசியில, கோடு போடறது காலங்காலமா இருக்கற நல்ல பழக்கம். முடிஞ்சுது."

மஞ்சள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு உழைத்தது இதற்குத்தானா என்று அழுகையே வந்தது.

"இப்ப நீ பேசலாம்" என்றாள் ஒட்டகம். "அது என்ன மாறுபாடு?"

"சின்ன மாறுபாடுதான்."

"எவ்வளவு சின்னது?"

மஞ்சள் பிஸ்கட் தூளை விரலால் ஒதுக்கினாள். "கோடு போட்டுப் படிச்சவங்க ஒரு வாரத்துல பாதியை மறந்துட்டாங்க. படிச்சுட்டு, புத்தகத்தை மூடிவெச்சு, தனக்குத்தானே சொல்லிப் பாத்தவங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு."

"இதையா ஏழாம் பக்கத்துல ஒளிச்சுவெச்ச?"

"பின்னே? கோடு போட்டா நிக்கும்னு சொல்லி ஆரம்பிச்சேன். தப்பா வந்துடுச்சு. தப்பான கட்டுரைக்கு யாரு மார்க் போடுவாங்க?"

"விடை முன்னாடியே தெரியும்னா எங்களை எதுக்குடி கூப்பிட்ட? வீட்டுலயே உக்காந்து எழுதியிருக்கலாமே" என்றாள் ஒட்டகம். "உனக்கு வந்தது தப்பு இல்ல. அதுதான் விடை. அதை விட்டுட்டு எனக்குக் குகையைச் சுத்திக் காட்டற."

மஞ்சளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் சேர்ந்தே வந்தது. அந்த ஆதி மனிதனை அவள் கூட்டி வந்ததே தன் விடைக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தத்தான். பாவம், அவனும் மூன்று பக்கம் கால் கடுக்க நின்றிருக்கிறான்.

அன்று மாலை முதல் வேலையாக அவனை வெளியே அனுப்பினாள். பிறகு ஏழாம் பக்கத்து விடயத்தை முதல் வரிக்குக் கொண்டுவந்தாள். பத்தி பத்தியாக எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்து, வேலை முடிந்து வந்து வெந்நீரில் கால் வைத்திருந்த அக்காவிடம் வாயால் சொல்லிப் பார்த்தாள். எங்கே நாக்கு தடுக்கியதோ அங்கே திருத்தினாள். சோதித்தது ஒரே வகுப்பை, ஒரே பாடத்தில். அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் ஒளிக்காமல் சேர்த்தாள்.

"நீ படிக்கறது என்னன்னு இன்னைக்குத்தான்டி எனக்குப் புரியுது" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளரின் அறையில் மஞ்சள் நின்றாள். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு, வகுப்பு வழக்கப்படியே, தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"கோடு போட்டா பாடம் நிக்கும்னு நீ நம்பின. சோதிச்சுப் பாத்தா நிக்கல. மூடிவெச்சுத் தானே சொல்லிப் பாத்தவங்களுக்குத்தான் நின்னுது. ஆனா ஒரு வகுப்பை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாதுங்கற." நிமிர்ந்து பார்த்தார். "எதையாவது விட்டுட்டேனா?"

கேன்டீனில் இதே இடத்தில்தான் மஞ்சளுக்கு அழுகை வந்தது. இப்போது தேடிப் பார்த்தும் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"இல்ல மேடம்."

"சரி, அந்த ஹைலைட்டரைக் குடு."

அவள் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். விரிவுரையாளர் தாள்களைத் திருப்பி, ‘கோடு போட்டுப் படித்தால் பாடம் மனதில் நிற்கும் என்று நம்பி இந்த ஆய்வைத் தொடங்கினேன்; நான் நம்பியது தவறு’ என்ற முதல் வரியில் ஒரே ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்து வரிகளைப் பார்த்து அவர் கொஞ்சமும் இரக்கப்படவில்லை.